புற்றுநோயும் ஒரு பளிங்கும்

(எமது சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



சென்ற வருடம் இதே மண்டபத்திலே எக்ஸ் கதிர்களைப் பற்றி நாம் சிறிது நேரம் பேசினோம். பளிங்கு ஒன்றின் உள்ளமைப்பை அக்கதிர்கள் எங்ஙனம் காட்டித் தருகின்றன என்று விளக்கிய பின், புற்றுநோயோடு தொடர்புடைய ஒரு நொதியத்தின் படத்தைத் திரையிலே காட்டி, "இதோ பகைவன்" என்று கோலால் தொட்டும் காட்டினோம். இளைஞர்கள் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எம்மை அருகே அழைத்தார். "தம்பி, உதெல்லாம் வடிவாய்ப் படம் பிடிச்சுப் போட்டினம், சரி. வருத்தம் மாறிச்சுதோ?" என்று கேட்டார்.

நாம் ஏதோ சொன்னோம். ஆராய்ச்சி முன்னேறிக்கொண்டிருக்கிறது, பலன் விரைவிற் கிட்டும் என்பன போன்ற வார்த்தைகள். அவர் தலையை அசைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் தமது மனைவியாரை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். நாம் சொன்ன விடை நேர்மையான விடையன்று என்பது மட்டும் வீடு போய்ச் சேருமுன்னரே தெரிந்துவிட்டது. விடை தெரியாமலிருந்ததே அதற்குக் காரணம். பல்கலைக்கழக நூல் நிலையத்திலே ஒரு வருடம் தேடிப் படித்த பின்னர் இன்று அக்கேள்விக்கு விடை சொல்ல எழுந்திருக்கிறோம். அவரும் வந்திருக்கிறார்; வணக்கம் ஐயா.

விடை சுருக்கமானதன்று. சிறிது சுற்றிப் போகவேண்டியிருக்கிறது. பின்வரிசை நண்பர்களுக்குச் சலிப்புத் தட்டினால் எழுந்து போய்த் தேநீர் அருந்திவிட்டு வரலாம். நாம் கோபிக்கமாட்டோம்.

எமது தேகத்தை ஒன்றாகக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது யாது? எலும்பு என்று சொல்வீர்கள். எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் புளிப்பு அமிலத்தில் ஊறவைத்து நீக்கிவிட்டால், மிஞ்சுவது வளைத்தால் வளையும் தோல் போன்ற ஒரு பொருள். அப்பொருளே தோலிலும் இருக்கிறது. தசையை எலும்போடு பிணைக்கும் நாணிலும், மூட்டுக்களின் கசியிழையத்திலும் இருக்கிறது. தச்சர்கள் பலகை ஒட்டும் வச்சிரம் இதனைக் காய்ச்சி எடுப்பதுதான். கொலாசன் என்பது அதன் பெயர். எமது உடலிலுள்ள புரதம் முழுவதிலும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இதுவே.

கொலாசனின் மூலக்கூறு மூன்று புரி கொண்ட கயிறு போன்றது. ஒவ்வொரு புரியும் ஏறக்குறைய ஆயிரம் அமினோ அமிலங்களைக் கோத்த சரம். சரத்தில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும், அமினோ அமிலங்களிலே மிகச் சிறியதாகிய கிளைசின் வருகின்றது. மூன்று புரிகளும் நெருங்கி முறுகும் நடுவிடத்தில் அதனைவிடப் பெரியது எதுவும் அடங்காது. கயிற்றின் தடிப்பு 15 ஆங்ஸ்ட்ரம், நீளம் 3,000 ஆங்ஸ்ட்ரம். ஒரு மில்லிமீற்றரைக் கோடி கூறு போட்டால் அதில் ஒரு கூறு ஓர் ஆங்ஸ்ட்ரம் ஆகும்.

இந்த முப்புரி அமைப்பை முதலிற் கண்டு சொன்னது எந்த ஊர் என்று கேட்டால், இங்கே பலர் இலண்டன் என்றோ அமெரிக்கா என்றோ சொல்லக்கூடும். சென்னைப் பல்கலைக்கழகம் என்பதே சரியான விடை. பெங்களூரில் சி. வி. இராமனிடம் பயின்ற ஜி. என். இராமச்சந்திரன், 1952ஆம் ஆண்டில் முப்பது வயது நிரம்புமுன்னரே அங்கு பௌதிகப் பேராசிரியராக வந்தார். அவ்வாண்டு சென்னைக்கு வந்திருந்த ஆங்கில விஞ்ஞானி பேனால், கொலாசனின் அமைப்பை இன்னும் எவரும் சரிவரக் கண்டிலர் என்று பேச்சு வாக்கிலே சொன்னார். இராமச்சந்திரன் அதனைப் பிடித்துக்கொண்டார். சென்னையிலேயே இருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதனை எக்ஸ் கதிரிலே பிடித்து, கோபிநாத் கர்த்தா என்னும் இளைஞரோடு சேர்ந்து 1954ஆம் ஆண்டில் மூன்று புரிகளின் அமைப்பை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலே அதனைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுகியிருக்கின்றன என்று காட்டினார். கங்காருவின் வாலைச் சென்னையில் வைத்து ஆராய்ந்தார்கள் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். அடுத்து வருவதும் ஒரு வாலின் கதைதான்.

மாரி தொடங்கியதும் குளத்திலும் வெள்ள வாய்க்காலிலும் வாற்பேய்கள் நெளிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாம் படித்த மிஷன் பாடசாலையிலே விலங்கியல் ஆசிரியர் அவற்றைக் கண்ணாடிச் சாடியில் விட்டு, வால் நாளுக்கு நாள் குறுகி வருவதை அடிமட்டத்தால் அளந்து குறிக்கச் சொல்வார். வால் அறுந்து விழுவதில்லை, கரைந்து மறைகின்றது. அப்படியாயின் அந்த வாலிலிருந்த கொலாசன் கயிறுகள் எங்கே போயின? எமக்கு அந்தக் கேள்வி அப்போது தோன்றவில்லை. அளந்து குறித்ததற்குப் புள்ளி கிடைத்தது, அதனோடு திருப்தியடைந்தோம்.

அமெரிக்காவிலே பொஸ்டன் நகரில் ஜெரோம் குரோஸ் என்பவருக்கு அக்கேள்வி தோன்றியது. கொலாசன் கயிறு எளிதில் அறாதது. இரைப்பையிலுள்ள பெப்சின் போன்ற நொதியங்கள் வேறு புரதங்களைத் துண்டு துண்டாக அரிந்துவிடும். முறுகிய இக்கயிற்றின் நடுப்பாகத்தில் அவற்றின் பல் எளிதிற் படுவதில்லை. உடலின் சூட்டிலே, புளிப்பில்லாத சாதாரண நிலையிலே இதனை வெட்டக்கூடிய நொதியம் எந்த விலங்கிலும் அதுவரை அகப்படவில்லை. இழையத்தை அரைத்துச் சாறு எடுத்துத் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். குரோஸும், பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த லாப்பியரும் அரைக்காமல், வாற்பேயின் வாலிற் சிறு துண்டை உயிரோடு கொலாசன் கூழின்மேல் வைத்துக் காத்திருந்தார்கள். துண்டைச் சுற்றியிருந்த கூழ் கரைந்து தெளிந்தது. இது 1962ஆம் ஆண்டில் வெளிவந்தது. உயிர்க்கலங்கள் அந்த நொதியத்தைச் சேமித்து வைப்பதில்லை. வேண்டியபோது செய்து, வேண்டிய இடத்திலே விடுகின்றன. அதனாலேதான் அரைத்தவர்களுக்கு அகப்படவில்லை. அந்த நொதியம் கயிற்றைக் கண்டபடி கடிப்பதுமில்லை. முழு நீளத்தில் முக்காற் பங்கு ஒருபுறமும் காற்பங்கு மறுபுறமும் ஆகும்படி ஒரேயோர் இடத்தில் மூன்று புரிகளையும் வெட்டுகின்றது. அதன்பின் கயிறு உடற்சூட்டிலே தானாகவே புரி கழன்றுவிடும். மிச்ச வேலையை வேறு நொதியங்கள் பார்த்துக்கொள்ளும்.

பின்னர் மனிதரிலும் இக்குடும்பத்து நொதியங்கள் ஒவ்வொன்றாகக் காணப்பட்டன. எல்லாவற்றின் உள்ளேயும் நாக அணு ஒன்று இருந்து வெட்டும் வேலையைச் செய்கின்றது. எம்.எம்.பி. என்ற மூன்று எழுத்தும் ஓர் இலக்கமுமே அவற்றின் பெயர். மனிதரில் இருப்பவை 23. இலக்கங்களோ 28 வரையிற் போகின்றன. நாலு, ஐந்து, ஆறு என்று பெயரிட்டவை முன்னரே தெரிந்திருந்தவைதாம் என்று பிற்பாடு தெரியவந்ததால் அவ்விடங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. விஞ்ஞானிகளும் இடாப்பு எழுதுவதிற் பிழை விடுவதுண்டு.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். ஒரு கட்டி தோன்றிய இடத்திலேயே இருக்குமாயின், பெரும்பாலும் வெட்டி எடுத்துவிடலாம். அதன் கலங்கள் இடம் பெயர்ந்து ஈரலிலும் நுரையீரலிலும் எலும்பிலும் குடியேறுவதே உயிருக்கு உலை வைக்கின்றது. இடம் பெயர்வதற்கு அவை வேலி தாண்டவேண்டும். உறுப்புக்களின் மேலணியின் கீழும் குருதிக் குழாய்களைச் சுற்றியும் அடிச்சவ்வு என்னும் மெல்லிய தகடு உண்டு. அதுவும் ஒருவகைக் கொலாசனால் ஆனதே. 1980ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் லான்ஸ் லியோட்டா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சுண்டெலிகளின் கட்டிகளை ஒப்பிட்டு, பரவும் வன்மை மிகுந்த கட்டிக் கலங்கள் அந்தச் சவ்வின் கொலாசனைச் சிதைப்பதிலும் மிகுந்து நிற்கின்றன என்று காட்டினார்கள்.

அன்று முதல் எண்ணம் ஒரே வழியில் ஓடியது. வேலியை வெட்டும் கத்தி இந்த நொதியங்கள். கத்தியின் வாயைக் கட்டிவிட்டால் கள்வன் வெளியேறமாட்டான். எவ்வளவு நேரான, எவ்வளவு கவர்ச்சியான எண்ணம் என்று பாருங்கள். சென்ற வருடம் நாமும் இதே உவமையைத்தான் இங்கு சொன்னோம்.

கத்தியின் வாயைக் கட்டுவதற்கு அதன் வடிவம் தெரியவேண்டும். நொதியம் சாதாரண நுணுக்குக்காட்டிக்கு முகங் காட்டாத அளவு சிறியது. அங்கேதான் பளிங்கு வருகின்றது. பனங்கற்கண்டு காய்ச்சும்போது பாணியிலே நூல் தொங்கவிட, அதிலே கட்டிகள் விளைவதைப் பார்த்திருப்பீர்கள். புரதத்தையும் அவ்வாறு விளைவிக்கலாம். கண்ணாடித் தகட்டிலே அதன் கரைசலில் ஒரு துளி விட்டு, தகட்டைக் கவிழ்த்து, உப்புக் கரைசல் உள்ள சிறு கிண்ணத்தை அதனால் மூடி, காற்றுப் புகாமல் அடைத்துவிட்டாற் போதும். துளியிலிருந்து நீர் மெல்ல மெல்ல வெளியேற, கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே முகமாக அணிவகுத்து ஒரு பளிங்காகும். வாரக்கணக்கிலே காத்திருந்தும் விளையாமற் போவதுண்டு. இதிற் பொறுமைக்கு மாற்று எதுவும் இன்றுவரை இல்லை.

அந்தப் பளிங்கினூடாக எக்ஸ் கதிரைச் செலுத்தினால் அது சிதறி நூற்றுக்கணக்கான புள்ளிகளாக விழும். வீட்டிலே நீங்களும் இதனைப் போன்றதொன்றைச் செய்து பார்க்கலாம். இருட்டிலே தூரத்து மின்விளக்கு ஒன்றை மெல்லிய நூற்சேலையின் தலைப்பினூடாக நோக்குங்கள். ஒரு விளக்கு பல புள்ளிகளாகச் சிலுவை வடிவிலே தெரியும். நூல்கள் நெருங்க நெருங்கப் புள்ளிகள் விலகும். புள்ளிகளை அளந்தே துணியின் நெசவைச் சொல்லிவிடலாம். பளிங்கின் புள்ளிகளிலிருந்து அணுக்களின் நெசவைச் சொல்லும் கணக்கு மிகக் கடியது. அதனை இங்கே விரித்து உங்களை வருத்தப்போவதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். புரதப் பளிங்கிலே முதன்முதல் நல்ல படம் கிடைத்தது, புரதத்தை அரியும் நொதியமாகிய பெப்சினுக்குத்தான். 1934ஆம் ஆண்டில் கேம்பிறிஜ்ஜில் அதனைப் பிடித்தவர்கள், பிற்காலத்திற் சென்னைக்கு வந்தார் என்று நாம் சொன்ன அதே பேனாலும், அவரிடம் பயின்ற டொறதி குறோஃபுட் என்ற மாதும். அம்மாதுக்கு அப்போது வயது இருபத்துநான்கு. கல்யாணமாகி டொறதி ஹொட்ஜ்கின் ஆன பின், 1964இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றவர் அவரே. காய்ந்த பெப்சின் பளிங்கு படம் தரவில்லை. தான் விளைந்த நீரிலேயே ஊறியிருந்த பளிங்கு தந்தது. புரதப் பளிங்கிலே ஏறக்குறையப் பாதி நீர்தான். நீர் வற்றினால் அணிவகுப்புக் குலைந்துவிடும். இவ்வளவு எளிய காரியம் தெரியாமையால் அதுவரையில் எத்தனை பேருடைய உழைப்பு வீணாயிற்று!

எம்.எம்.பி. குடும்பத்தின் கத்தி வாய் அணு அணுவாகத் தெரியவந்தது 1994ஆம் ஆண்டில். ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுவினர் ஒன்றாம் இலக்கத்தையும் எட்டாம் இலக்கத்தையும் பளிங்காக்கிப் படம் பிடித்தார்கள். எட்டாம் இலக்கத்தைப் பிடித்தவர்களுள் ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு அருகே மாட்டின்ஸ்றீட் என்னும் இடத்திலுள்ள மாக்ஸ் பிளாங் நிலையத்தைச் சேர்ந்த வொல்ஃப்றாம் போட என்பவரின் குழு ஒன்று. எட்டாம் இலக்கம் வெண்குருதிக் கலங்களிலே நிறைந்திருப்பது. சென்ற வருடம் திரையிலே நாம் காட்டிய படம் இதன் படமே.

படத்தில் இருப்பது யாது? வெட்டும் பகுதி நூற்றறுபதுக்குச் சற்று மேற்பட்ட அமினோ அமிலங்களால் ஆன ஓர் உருண்டை. அதன் குறுக்கே, பலாக்கொட்டையைக் கத்தியாற் கீறியது போல ஒரு பள்ளம் ஓடுகின்றது. பள்ளத்தின் நடுவிலே நாக அணு. இஸ்டிடின் என்னும் அமினோ அமிலங்கள் மூன்று அதனை மூன்று பக்கமும் பிடித்திருக்கின்றன. நான்காவது பக்கம் திறந்திருக்கின்றது. அந்தத் திறந்த பக்கத்திலே ஒரு நீர் மூலக்கூறு வந்து ஒட்டிக்கொள்ளும். அருகேயுள்ள குளுற்றமிக்கு அமிலம் அந்நீரைத் தூண்டிவிட, அது கொலாசன் சரத்தின் பிணைப்பிலே பாய்ந்து அதனைப் பிளக்கின்றது. ஆகவே உண்மையில் வெட்டுவது நீர். நாகம் அதனைத் தீட்டிக் கொடுக்கின்றது. ஒரு துளி நீரும் ஓர் அணு உலோகமும் சேர்ந்து, பல்லுக்கும் இசையாத கயிற்றை அறுக்கின்றன என்பதை முதலிற் படித்த அன்றிரவு எமக்கு நெடுநேரம் நித்திரை வரவில்லை.

நாகத்துக்குப் பக்கத்திலே ஒரு குழி உண்டு. அரியப்படும் சரத்தின் ஒரு கிளை அதனுள்ளே புகுந்து பொருந்தும். ஒன்றாம் இலக்கத்தில் அக்குழி ஆழமற்றது. எட்டாம் இலக்கத்தில் அதனிலும் ஆழமானது. ஒரே குடும்பத்தில் ஒவ்வொருவர்க்கும் குழி வேறு என்பதை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள்.

நொதியம் பிறக்கும்போது பள்ளம் திறந்திருப்பதில்லை. அதன் முன்பகுதியில் ஒரு வால் மடிந்து வந்து, தன்னிடமுள்ள கந்தக அணுவினால் நாகத்தின் திறந்த பக்கத்தை அடைத்திருக்கும். வால் வெட்டப்பட்ட பின்னரே கத்தி உறை கழன்ற கத்தியாகும். இவ்வளவு ஆபத்தான பொருளை உடல் உறையிலிட்டே வைத்திருக்கின்றது.

படம் ஒரு புதிரையும் கொண்டுவந்தது. பள்ளத்தின் அகலம் ஏறக்குறைய 5 ஆங்ஸ்ட்ரம். கொலாசன் கயிற்றின் தடிப்போ 15. கயிறு பள்ளத்துள் இறங்கவே முடியாது. பின் எங்ஙனம் வெட்டுகின்றது? பத்து ஆண்டுகள் கழித்து 2004இல் விடை வந்தது. நொதியம் முதலில் கயிற்றை அவ்விடத்திலே புரி தளர்த்தி, பின்பு ஒவ்வொரு புரியாகப் பள்ளத்துள் எடுத்து வெட்டுகின்றது. வெட்டும் உருண்டைக்கு அப்பால், நான்கு தகடு கொண்ட காற்றாடி போன்ற வேறொரு பகுதியும் நொதியத்துக்கு உண்டு. அது இல்லாவிட்டால் முறுகிய கயிறு வெட்டுப்படுவதில்லை. அசையாத படத்தை மட்டும் பார்த்திருந்தவர்களுக்கு இது தெரிந்திராது.

இப்பொழுது மருந்துக்கு வருவோம். ஒக்ஸ்போட் நகரத்துக் கொம்பனி ஒன்று, பளிங்குப் படம் வருவதற்கு முன்னரே, கொலாசன் சரத்தின் வெட்டுமிடத்தைப் பார்த்து அதனைப் போன்ற பொருளைச் செய்து, அதன் நுனியில் நாகத்தை இறுகப் பிடிக்கும் ஒரு கூறையும் வைத்திருந்தது. பற்றிமஸ்ற்றற் என்பது முதற்பெயர். அது நீரில் நன்கு கரையாமையால் வயிற்றறையில் ஊசியால் ஏற்ற வேண்டியிருந்தது. அடுத்துச் செய்த மறிமஸ்ற்றற் வாயால் விழுங்கக்கூடியது. படம் வெளிவந்ததும், அந்தப் பொருள்கள் எதிர்பார்த்தபடியே நாகத்தை இரண்டு ஒட்சிசன் அணுக்களால் இடுக்கிப் பிடித்து, பள்ளத்தை அடைத்திருப்பது கண்ணாரத் தெரிந்தது. படத்தைப் பார்த்தே குழிக்குப் பொருந்த வடித்த வேறு மருந்துகளும் வந்தன. சுண்டெலிகளிலே கட்டி பரவுவது குறைந்தது. ஆயிரக்கணக்கான நோயாளிகள் பரிசோதனைகளிற் சேர்ந்தார்கள். அவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் எவ்வளவு நம்பிக்கையோடு சேர்ந்திருப்பார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மருந்து பலிக்கவில்லை. சதையிப் புற்றுநோயில் 414 நோயாளிகளை வைத்துச் செய்த பரிசோதனை 2001இல் வெளிவந்தது. மறிமஸ்ற்றற் ஏற்கெனவே வழக்கிலிருந்த மருந்தைவிட நன்மை எதுவும் செய்யவில்லை. இரைப்பைப் புற்றுநோயிற் சிறிது பயன் தென்பட்டது, அது போதியதன்று. உண்டவர்களுக்குத் தோளும் கையும் மூட்டுக்களும் நொந்து விறைத்தன, நிறுத்தினால் மாறியது. இவையெல்லாவற்றிலும் கொடியது வேறொரு மருந்தின் கதை. அதன் பெயர் ரனோமஸ்ற்றற். நுரையீரலின் ஒருவகைப் புற்றுநோயிலே அதனை உண்டவர்களின் நிலை, வெறும் மாவுக் குளிசை உண்டவர்களின் நிலையைவிட மோசமாயிற்று. 1999இல் பரிசோதனைகளை நிறுத்தினார்கள்.

அன்பர்களே, இங்கே சற்று நிற்கவேண்டும். மருந்து பொருந்தாமற் போயிற்றா? இல்லை. பூட்டுக்குத் திறப்புப் போலப் பொருந்தியது. படம் பிழையா? இல்லை. ஓர் அணுவும் பிசகவில்லை. பின் பிழை எங்கே?

ஒன்று காலம். சுண்டெலிக்குக் கட்டி வைத்த சில நாளிலே மருந்து கொடுத்தார்கள். மனிதரிலோ, வேறு வழியில்லாத, நோய் முற்றிப் பரவிய நிலையிலே கொடுத்தார்கள். கள்வன் வேலி தாண்டி ஊரெல்லாம் குடியேறிய பின் வேலியோரத்தில் அவனுடைய கத்தியைப் பிடுங்கிப் பயன் யாது? இது பலரும் சொல்லிய காரணம், உண்மையுங்கூட. ஆயினும் நோயாளிகள் சிலர் ஏன் மேலும் மோசமானார்கள் என்பதற்கு இது போதாது.

மற்றைய காரணம் 2003இல் ஸ்பெயினிலிருந்து வந்தது. ஒவியேடோ என்னும் ஊரிலுள்ள ஆராய்ச்சியாளர் எட்டாம் இலக்க நொதியமே இல்லாத சுண்டெலிகளைத் தோற்றுவித்தார்கள். எதிர்பார்ப்பு யாது? கத்தி இல்லை, ஆகவே புற்றுநோய் குறையவேண்டும். புற்றுநோயை உண்டாக்கும் இரசாயனத்தைத் தோலிலே பூசியபோது, ஆண் சுண்டெலிகளிலே கட்டிகள் குறையவில்லை, பெருகின. நொதியம் உள்ள சுண்டெலியின் என்புமச்சையை எடுத்து அவற்றுக்கு ஏற்றியதும் பாதுகாப்புத் திரும்ப வந்தது. எட்டாம் இலக்கம் வெண்குருதிக் கலங்களின் ஆயுதம் என்று சொன்னோமல்லவா? அது வேலியை மட்டும் வெட்டவில்லை. வெண்குருதிக் கலங்கள் புண்பட்ட இடத்துக்கு வேளைக்கு வந்து, வேலையை முடித்து, வேளைக்குப் போவதற்கு வேண்டிய செய்திகளையும் அதுவே வெட்டித் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அது இல்லாதபோது அழற்சி பிந்தித் தொடங்கியது, ஆறாமலும் நீடித்தது. அந்த ஆறாத புண்ணிலே கட்டி செழித்தது. 2009இல் மெலனோமா என்னும் தோற் புற்றுநோய் கண்ட மனிதரின் கட்டிகளை ஆராய்ந்தபோதும், அக்கட்டிகள் சிலவற்றில் எட்டாம் இலக்கத்தின் பரம்பரையலகு பழுதாகியிருந்தது தெரியவந்தது. கட்டியானது வளர்வதற்காகத் தூக்கியெறிந்த நொதியத்தை, கட்டியைத் தடுப்பதற்காக நாம் கட்டிப் போட்டிருந்தோம்.

ஆக, சென்ற வருடம் இந்த மேடையிலே கோலால் தொட்டு "இதோ பகைவன்" என்று நாம் காட்டியது, காவலாளியை. அதனை அறிந்த அன்று எமக்கு உண்டான வெட்கத்தை மறைப்பதற்கில்லை. 2003ஆம் ஆண்டு முதல் அச்சிலே இருந்த செய்தியை அறியாமல் மேடையேறினோம். கைதட்டியவர்கள் எம்மை மன்னிக்கவேண்டும்.

இருபத்துமூன்றும் ஒரே முகச் சாயல் உடையவை. எல்லாவற்றுக்கும் அதே பள்ளம், அதே நாகம், அதே மூன்று இஸ்டிடின். நாகத்தையே இறுகப் பிடித்த மருந்து பகைவனையும் காவலாளியையும் மூட்டைப் பராமரிக்கும் வேலைக்காரனையும் ஒருங்கே பிடித்துக் கட்டிவிட்டது. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறியக்கூடிய வேற்றுமை முகத்தில் இல்லை. நாகத்துக்குப் பக்கத்திலுள்ள குழியிலும் காற்றாடிப் பகுதியிலுமே இருக்கின்றது. அது தெரிந்தது படத்தினால். இன்று இத்துறையில் முயல்பவர்கள் நாகத்தை விட்டு அக்குழிகளையே நாடுகின்றார்கள்.

இக்குடும்பத்தை அடக்குவதற்கென்று அமெரிக்க அரசாங்கம் அநுமதித்த மருந்து ஒன்றே ஒன்று, அதுவும் புற்றுநோய்க்கன்று. டொக்சிசைக்கிளின் என்னும் பழைய மருந்தை, கிருமியைக் கொல்லாத சிறிய அளவிலே, முரசு நோய்க்குக் கொடுக்க 1998இல் அநுமதித்தார்கள். முரசிலே கொலாசனை அரித்துப் பல்லை ஆட்டங்காணச் செய்வதில் முன்னிற்பது எட்டாம் இலக்கமே. தோலிலே காவலாளி, முரசிலே கள்வன். ஒருவனையே இரண்டு ஊரார் இரண்டு விதமாகச் சொல்வது போலத்தான்.

ஐயா, இனி உங்கள் கேள்வி. வருத்தம் மாறிச்சுதோ என்று கேட்டீர்கள். இந்த நொதியத்தின் படத்தினால் மாறவில்லை. சென்ற வருடமே அப்படிச் சொல்லியிருக்கவேண்டும்.

வேறொரு நொதியத்தினால் வேறொரு புற்றுநோய்க்குக் கொஞ்சம் வழி பிறந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. கலத்தினுள்ளே, பழுதான புரதங்களைப் போட்டு அரிவதற்கென்று பீப்பாய் போன்ற ஒன்று உண்டு. புறொற்றியசோம் என்பது பெயர். இருபத்தெட்டுச் சரங்களால் ஆன அதன் பளிங்கமைப்பை, மதுவத்திலிருந்து எடுத்து, அதே மாட்டின்ஸ்றீட் நிலையத்தார் 1997இல் கண்டார்கள். அதன் வாயை அடைக்கும் போட்டெசொமிப் என்ற மருந்தை, என்புமச்சையில் உண்டாகும் ஒருவகைப் புற்றுநோய்க்கு 2003இல் அமெரிக்காவில் அநுமதித்தார்கள். எட்டாம் இலக்கத்தின் உண்மை வெளிவந்த அதே ஆண்டு. அந்நோய் கண்டவர்கள் பலர் அதனால் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அங்கே மருந்து முந்தியது. அது பீப்பாயினுள்ளே எவ்விதம் அமர்ந்திருக்கிறது என்ற படம் 2006இற்றான் வந்தது.

எட்டாம் இலக்கத்தின் மாதிரியுரு ஒன்றைக் களிமண்ணாலும் கம்பியாலும் செய்து அந்த மேசைமேல் வைத்திருக்கிறோம். நடுப்பள்ளத்திலே இருக்கும் சிவப்பு மஞ்சாடி விதைதான் நாகம். பக்கத்துக் குழியிலே விரல் நுனியை வைத்துப் பார்க்கலாம். பெரியவர்கள் முதலில் வாருங்கள். சிறுவர்கள் பின்னர் வரலாம், ஆனால் மஞ்சாடியைப் பிடுங்கக்கூடாது; நேற்று எமது தம்பி ஒருமுறை பிடுங்கிவிட்டான்.